வார்சாவில் ஒரு பிள்ளைகள் இல்லம்

நம் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, நம் முன்னோர் கல்விக்காகப் பட்ட பாடுகளையே எழுதலாம் என்று முதலில் கருதினோம். அப்பொருள் பற்றி இம்மலரில் வேறு பெரியோர் எழுதுகின்றனர் எனப் பின்னர் அறிந்தோம். அன்றியும், அண்மையில் நடந்த செயற்குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு பேச்சு நம் மனத்தை விட்டு அகலாதிருந்தது. கழகத்தின் மாணவர் இல்லத்தில் பிள்ளைகளோடு இரவு தங்கி அவர்களைக் கவனித்துக்கொள்ள ஒருவர் தேவை என்ற செய்தி அன்று பேசப்பட்டது. இல்லத்திற்கு அரிசி தருவதற்குக் கைகள் உயர்ந்தன. மின்விசிறி வாங்கித் தருவதற்கும் ஆள் இருந்தது. இரவு தங்குவதற்கு மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. அரசு விடுதிகளில் உண்டு உறங்கிப் படித்து, இன்று நல்ல பணிகளில் இருப்போர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். நாமும் இருந்தோம், நாமும் வாய் திறக்கவில்லை.

ஆகவே, வீடற்ற பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒரு மருத்துவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் முன் வைக்க விழைகின்றோம். அவர் நம் நாட்டவர் அல்லர். போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில் யூத குலத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். யானுஷ் கோர்ச்சாக் என்பது இளமையில் ஓர் இலக்கியப் போட்டிக்காக அவர் சூடிக்கொண்ட புனைபெயர். பின்னர் அதுவே நிலைத்துவிட்டது. அவர் பிறந்தது 1878-இலா 1879-இலா என்பது அவருக்கே உறுதியாகத் தெரியாது. தந்தையார் பிறப்பைப் பதிவு செய்யாமல் காலம் தாழ்த்திவிட்டார். (பள்ளியில் சேர்த்த ஆசிரியர் இட்ட நாளையே பிறந்த நாளாகக் கொண்டு வாழும் நம்மவர் இதைக் கண்டு வியப்படையமாட்டார்கள்.) தந்தையார் வழக்கறிஞர், வசதியான குடும்பம். ஆனால் அவர் மனநோயுற்று 1896-இல் மறையவே, மாணவராயிருந்த மகன் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டியதாயிற்று.

1905-இல் மருத்துவப் பட்டம் பெற்ற கோர்ச்சாக், வார்சாவின் யூதக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார். ஓய்வு நேரத்தில் செல்வர் வீடுகளுக்கும் சென்று வைத்தியம் பார்த்தார். செல்வரிடம் மிகுதியான கட்டணம் வாங்குவார். ஏழையிடம் பெயருக்குச் சில காசுகள் பெறுவார். எழுத்தாளராகவும் அவர் பெயர் பரவியிருந்தது. அப்படியே தொடர்ந்திருந்தால் செல்வமும் புகழும் குறைவின்றி வாய்த்திருக்கும். ஆனால் மாணவப் பருவத்திலேயே வார்சாவின் ஏழைத் தெருக்களில் திரிந்து, அங்கே வளரும் பிள்ளைகளை அருகிருந்து கண்டவர் அவர். கோடை விடுமுறையில் ஏழைச் சிறுவர்களை நாட்டுப்புறத்திற்கு அழைத்துச் செல்லும் முகாம்களிலும் பணியாற்றியிருந்தார். மருந்தால் காய்ச்சல் தீரும். காய்ச்சல் தீர்ந்த குழந்தை அதே ஈர அறைக்கும் அதே பட்டினிக்கும் அல்லவா திரும்பிச் செல்கிறது?

அக்காலத்தில் வார்சாவில் யூதப் பெருமக்கள் சிலர் கூடி, தாய் தந்தையை இழந்த தம் குலத்துப் பிள்ளைகளைக் காக்க ஒரு சங்கம் நடத்தி வந்தனர். அரசு தராததைத் தாமே திரட்டித் தம் பிள்ளைகளுக்குத் தர முனைந்த சங்கம் அது. நம் கழகத்தைப் போன்றது என்று சொன்னால் மிகையாகாது. ஒதுக்கப்பட்ட மக்கள் எங்கிருப்பினும் முதலில் தேடுவது தம் பிள்ளைகள் தங்க ஓர் இடத்தைத்தான். அண்ணல் அம்பேத்கர் 1924-இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். இவற்றுக்குச் சற்று முன்னதாக, 1912-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வார்சாவின் குரோக்மால்னா தெரு 92-ஆம் எண்ணில் அந்த யூதச் சங்கத்தின் புதிய இல்லம் திறக்கப்பட்டது. நன்கொடைகளால் எழுந்த மாடிக் கட்டடம். மின்விளக்கும் குளிர்காலத்தில் அறைகளைச் சூடேற்றும் வசதியும் உண்டு. நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். மருத்துவமனைப் பணியைத் துறந்து கோர்ச்சாக் அதன் இயக்குநரானார். மேல் மாடத்தில் ஒரு சிறு அறையைத் தமக்கு எடுத்துக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இவ்விடத்தில் இன்னொருவரையும் குறிப்பிடல் வேண்டும். ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா என்னும் அம்மையார் 1886-இல் பிறந்தவர். பெல்ஜியம் நாட்டில் இயற்கை அறிவியல் பயின்றவர். கோர்ச்சாக் வருவதற்கு முன்பே சங்கத்தின் பழைய இல்லத்தில் ஊதியம் கருதாது பணியாற்றி வந்தார். எந்தப் பிள்ளைக்குக் காலணி கிழிந்துள்ளது, எந்தப் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கிறது, எவனுக்கு இருமல் என்பதெல்லாம் அவர் அறிவார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டு, கோர்ச்சாக் இரஷ்யப் படையின் மருத்துவராகக் களம் சென்று நான்கு ஆண்டுகள் திரும்பாதிருந்தபோது, பஞ்சத்திற்கும் தொற்றுநோய்க்கும் இடையே அந்த இல்லத்தைக் கட்டிக் காத்தவர் ஸ்டெபானியா அம்மையாரே. உலகம் கோர்ச்சாக்கின் பெயரை நினைவில் வைத்திருக்கிறது. நூல்கள் எழுதியவர் அவர். இல்லத்தின் அன்றாடக் கணக்கை எழுதியவரின் பெயரை அவ்வளவாக நினைப்பாரில்லை. விடுதிகளில் சமையல் செய்யும் அம்மாக்களை நம்மில் எத்தனை பேர் பெயரால் அறிவோம்?

புதிய இல்லத்தின் முதல் ஆண்டு கோர்ச்சாக்கிற்குப் பெருந்தோல்வியாய் முடிந்தது. கோடை முகாம்களில் பெற்ற பயிற்சி போதும் என்று நம்பியிருந்தார். ஒளி மிகுந்த கூடம், வெள்ளை விரிப்பு, நேரத்திற்கு உணவு இவற்றைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்து நன்றி பாராட்டுவர் என எதிர்பார்த்தார். நடந்தது வேறு. நெரிசலும் இருட்டும் நிறைந்த பழைய இல்லத்தில் தமக்கென ஓர் ஒழுங்கை அமைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், பளிங்கு போன்ற புதுக் கட்டடத்தில் வழிதெரியாமல் தவித்தனர். விதிகளை மீறினர், பொருள்களை உடைத்தனர், பெரியவர்களின் தடுமாற்றத்தைக் கண்டு களித்தனர். வெளிப்படையாகவும் மறைவாகவும் ஓர் எதிர்ப்பு நடந்தது. அது தம் வாழ்வின் மிகக் கொடிய ஆண்டுகளில் ஒன்று என்று அவரே பின்னர் எழுதியுள்ளார். தமது தோல்வியை இவ்வாறு வெளிப்பட எழுதும் கல்வியாளர்கள் அரியர். நாம் படித்த பயிற்சிக் கல்லூரி நூல்களிலெல்லாம் முறைகள் முதல் நாளே வெற்றி பெற்றுவிடும்.

இனி, அவ்வில்லத்தின் சிறப்பாக எல்லோரும் எடுத்துரைக்கும் பிள்ளைகள் நீதிமன்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வோம்.

அடித்தான், திட்டினான், பொருளை எடுத்துக்கொண்டான், வேலைக்கு வரவில்லை என்று பிள்ளைகளிடையே நாள்தோறும் எழும் வழக்குகளைக் காப்பாளர் தம் விருப்பப்படி தீர்ப்பதே எங்கும் உள்ள வழக்கம். கோர்ச்சாக் அதை மாற்றினார். குறைபட்ட பிள்ளை அறிவிப்புப் பலகையில் தன் பெயரையும் எவர்மீது வழக்கு என்பதையும் எழுதிவிடலாம். வாரம் ஒருமுறை நீதிமன்றம் கூடும். அந்த வாரத்தில் எவர்மீது வழக்கு இல்லையோ அவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து பிள்ளைகள் நீதிபதிகளாக எடுக்கப்படுவர். பெரியவர் ஒருவர் எழுத்தர்; அவருக்கு வாக்கு இல்லை. தீர்ப்பளிக்க ஒரு சட்டத் தொகுப்பையும் கோர்ச்சாக் எழுதிவைத்தார். அதன் முதல் 99 பிரிவுகளும் குற்றத்தைத் தள்ளுபவை அல்லது மன்னிப்பவை: அறியாமல் செய்தான், பயத்தால் செய்தான், வருந்துகிறான், இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்ற வகையில் அவை அமைந்திருந்தன. நூறாம் பிரிவுதான், மன்னிக்காமல், ‘சாட்டப்பட்ட செயலை நீ செய்தாய்’ என்று முதன்முதலாகச் சொல்லும். பிறகு 200, 300 எனக் கடுமை கூடிச் செல்லும். 900-ஆம் பிரிவு நம்பிக்கை இழந்துவிட்டோம் என்பது. அப்போதும், எவரேனும் ஒருவர் அவனுக்குப் பிணை நிற்க முன்வந்தால் அவன் இல்லத்தில் தொடரலாம். 1000-ஆம் பிரிவு வெளியேற்றம். அதன் பின்னரும், மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சேர விண்ணப்பிக்க வழி வைத்திருந்தார். அடியும் பட்டினியும் இருட்டறையும் அத்தொகுப்பில் எங்கும் இல்லை.

இது தொடங்கிய உடனே பிள்ளைகள் ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று நம்மவர் மேடைகளில் சொல்வதுண்டு. அது சரியன்று. பிள்ளைகள் நீதிமன்றத்தை ஏளனம் செய்தனர். மன்னித்துவிட்டார்கள் என்றால் தண்டனையே இல்லை என்று துணிந்தனர். நீதிபதிகள் அக்கறையின்றி உட்கார்ந்திருந்தனர். ஒரு கட்டத்தில் நீதிமன்றத்தையே சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. மீண்டும் தொடங்கியபோது மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. தீர்ப்புப் பிடிக்காதவர் ஒரு மாதம் கழித்து மேல்முறையீடு செய்யலாம் என்பது ஒன்று. கடினமான வழக்குகளைத் தீர்க்கத் தனிக்குழு என்பது மற்றொன்று. பெரியவர்கள்மீதும் பிள்ளைகள் வழக்குத் தொடுக்கலாம் என்பது மூன்றாவது. நம் கருத்தில் அம்மூன்றாவதே அந்த நீதிமன்றத்திற்கு உயிர் தந்தது. அதுவரை அது பெரியவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு விளையாட்டுப் பொருள். அதன் பின்னரே சட்டம்.

கோர்ச்சாக்கும் தப்பவில்லை. ஆறு மாத காலத்திற்குள் ஐந்து முறை தாமே குற்றம் சாட்டப்பட்டு நின்றதாக எழுதியுள்ளார். ஒரு சிறுவனின் காதைப் பிடித்துத் தண்டித்தது ஒரு வழக்கு. தொல்லை கொடுத்தவனைப் படுக்கையறையிலிருந்து வெளியே தள்ளியது ஒன்று. மூலையில் நிறுத்தியது ஒன்று. நீதிபதி ஒருவரை அவமதித்தது ஒன்று. ஒரு சிறுமியைத் திருட்டுக்காக ஐயுற்றது ஒன்று. பெயர் பெற்ற மருத்துவர், பத்து வயதுப் பிள்ளைகள் முன் நின்று விளக்கம் சொன்னார். அந்த வழக்குகளே தமக்குப் பயிற்சிக் கல்லூரி என்ற கருத்தில் அவர் எழுதுகின்றார்.

அந்த ஐந்தாவது வழக்கைப் படித்தபோது நம் கை நூலை மூடிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் பணியில் சேர்ந்த புதிதில், வகுப்பில் ஒரு பையனின் தேர்வுக் கட்டணப் பணம் காணாமற் போயிற்று. விடுதியிலிருந்து வரும் ஒரு மாணவன்மீது ஐயம் கொண்டோம். நம் குலத்துப் பையன். தாய் மட்டும் செங்கற்சூளையில் இருந்தாள். ஏன் அவன்மீது ஐயம் எழுந்தது என்று இன்று நம்மை நாமே கேட்டால், அவன் சட்டையில் பொத்தான் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலவில்லை. பிரம்பால் அடித்தோம். மறுநாள் அப்பணம் அதை இழந்தவனின் கணக்குப் புத்தகத்தின் உறைக்குள்ளேயே கிடந்தது. அந்த மாணவனிடம் நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று அன்று நினைத்தோம். அடுத்த மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை. குரோக்மால்னா தெருவில் ஒரு பலகை இருந்தது. அதில் அவன் நம் பெயரை எழுதியிருக்கலாம்.

இனி விளக்குமாற்றின் கதையைச் சொல்வோம். அவ்வில்லத்தில் வேலையாட்கள் மிகக் குறைவு. கூட்டுதல், துடைத்தல், பாத்திரம் கழுவுதல், இளையோர்க்கு உதவுதல் ஆகிய எல்லாவற்றையும் பிள்ளைகளே முறைவைத்துச் செய்தனர். விளக்குமாற்றையும் துடைப்புத் துணியையும் படிக்கட்டின் அடியில் ஒளித்துவைக்கும் வழக்கத்தை மாற்றி, படுக்கையறை வாயிலருகே எல்லோரும் காணும் இடத்தில் கோர்ச்சாக் வைத்தார். நன்கு துடைத்த மேசை, பிழையின்றி எழுதிய பக்கத்திற்குச் சமம் என்பது அவர் கொள்கை. உணவு முடிந்ததும் எச்சில் தட்டுகளை எடுத்துச் செல்வார். வந்த விருந்தினர் அவரை வேலைக்காரர் என எண்ணியதும் உண்டு என்பர்.

இதனைப் படிக்கும் நம் இளைஞர்களுக்கு மனம் நெருடக்கூடும். நெருடவேண்டும். விளக்குமாறு நமக்கு எவரும் கற்பிக்க வேண்டிய கருவி அன்று. தலைமுறை தலைமுறையாக நம் கையில் திணிக்கப்பட்டது. பள்ளிக் கழிப்பறையைக் கழுவ நம் பிள்ளைகளை மட்டும் பெயர் சொல்லி அழைத்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் செய்தித்தாள்களில் வந்துள்ளன. ஆகையால் உழைப்பின் உயர்வு என்று எவரேனும் நம்மிடம் பேச வந்தால், முதலில் அவர் கையைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கோர்ச்சாக்கின் இல்லத்தில் முறைப் பட்டியலில் எல்லார் பெயரும் இருந்தது, தட்டெடுத்தவர் இயக்குநர். அவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே அவர் முறையை மதிப்பிட வேண்டும். பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கப் பிள்ளைகள் கூட்டும் விடுதிக்கு அவரைச் சான்று காட்டுவது அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

சிறு செய்திகளில் அவர் காட்டிய அக்கறையையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கெனப் பூட்டும் ஒரு சிறு இழுப்பறை. தெருவில் கிடைத்த ஆணி, நூல்கண்டு, வண்ணக் கண்ணாடித் துண்டு ஆகியவை அப்பிள்ளையின் சொத்து. குப்பை என்று எறிவதற்குப் பெரியவருக்கு உரிமை இல்லை. கண்டெடுத்த பொருள்களுக்கு ஒரு கண்ணாடி அலமாரி. வாரந்தோறும் பிள்ளைகளின் எடையும் உயரமும் அவரே பார்த்துக் குறித்துவைத்தார்; அந்த ஏடுகள் பல ஆண்டுகளுக்குச் சேர்ந்தன. சண்டைக்காரச் சிறுவன் ஒருவன் அவரிடம் பந்தயம் கட்டுவான்: வரும் வாரத்தில் இத்தனை சண்டைக்கு மேல் போடேன் என்று. வென்றால் மிட்டாய். ஒரே நாளில் திருந்திவிடு என்று அவர் எவனையும் கேட்டதில்லை. சென்ற வாரத்தைவிட ஒன்று குறைந்தால் போதும்.

புதிதாய் வரும் பிள்ளைக்கு, முன்பே அங்கிருக்கும் பிள்ளை ஒருவர் மூன்று மாதம் காப்பாளர். இல்லத்தின் வழக்கங்களைச் சொல்லித்தர வேண்டும். தன் பொறுப்பில் உள்ளவரைப் பற்றி ஏட்டில் எழுதவேண்டும். கோர்ச்சாக் அதைப் படித்துப் பக்கத்திலேயே பதில் எழுதுவார். ஒரு காலத்தில் தானே பெருந்தொல்லையாய் இருந்த பிள்ளை, புதிதாய் வந்த முரட்டுப் பிள்ளையைப் பற்றிக் கவலையோடு எழுதுவதும் உண்டு. விடுதியில் முதல் இரவு என்பது எத்தகையது என்பதை அனுபவித்தவரே அறிவர். ஆறாம் வகுப்பில் தகரப் பெட்டியோடு விடுதி வாயிலில் நாம் நின்ற அன்று, நம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தவர் காப்பாளர் அல்லர். எட்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர். தட்டை எங்கே கழுவவேண்டும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எவனிடம் சோப்பைக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவரே சொன்னார். நம் விடுதிகளில் தானாக நடப்பதை அங்கே முறையாக்கி, அதற்கு ஏடும் மதிப்பும் கொடுத்தனர்.

1920-களில் இன்னோர் ஏற்பாடும் சேர்ந்தது. கல்லூரியிலும் பயிற்சி நிலையங்களிலும் படிக்கும் இளைஞர் சிலர் இல்லத்திலேயே இலவசமாகத் தங்கலாம். அதற்கு ஈடாக நாளுக்குச் சில மணி நேரம் பிள்ளைகளைக் கவனிக்கவேண்டும். இதற்குப் ‘பர்சா’ என்று பெயர். அந்த இளைஞர்களும் நாள்தோறும் கண்டதை எழுதினர். கோர்ச்சாக்கும் ஸ்டெபானியா அம்மையாரும் அவற்றைத் திருத்தி விவாதித்தனர். பெரிய ஊதியமோ பெரிய பதவியோ இல்லை. தங்க இடமும், தம்மினும் இளைய நூறு பேரும் உண்டு.

குறையும் இல்லாமலில்லை. 14 வயது நிறைந்த பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. நீதிமன்றமும் வாக்குரிமையும் உள்ள வீட்டில் வளர்ந்த சிறுவன், அவை ஏதுமற்ற தெருவில் வேலை தேடி நின்றான். உள்ளே கண்ட நீதி வெளியே உதவவில்லை என்று மனம் கசந்து பேசிய பழைய மாணவர்களும் இருந்தனர். அதற்குக் கோர்ச்சாக்கிடம் முழுமையான விடை இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. வெளியுலகமோ நாளுக்கு நாள் கொடிதாகிக் கொண்டிருந்தது. 1930-களின் நடுவில் வானொலியில் ‘முதிய மருத்துவர்’ என்ற பெயரில் அவர் பிள்ளைகளுக்காகப் பேசினார்; நாடே கேட்டது. ஆனால் பேசுபவர் ஓர் யூதர் என்பது வெளிப்படாதிருக்கவே அந்தப் பெயர். அதுவும் 1936-இல் நின்றது. 1937-இல் போலந்துப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்கள் உட்காரத் தனி இருக்கைகள் ஒதுக்க அனுமதி அளிக்கப்பட்டது. வகுப்பின் ஒரு பக்கத்தில் அவர்கள், மறுபக்கத்தில் மற்றவர்கள். மாணவர் பலர் அந்த இருக்கைகளில் அமர மறுத்து நின்றுகொண்டே பாடம் கேட்டனர். இதற்கு நாம் விளக்கம் எழுத வேண்டுவதில்லை.

1939 செப்டம்பரில் செருமானியப் படை போலந்தில் புகுந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பாலஸ்தீனத்தில் ஒரு கூட்டுப் பண்ணையில் பாதுகாப்பாக இருந்த ஸ்டெபானியா அம்மையார், போர் வரும் என்று அறிந்தும் பிள்ளைகளிடம் திரும்பி வந்திருந்தார். 1940 நவம்பரில் நகரின் யூதர் அனைவரும் மதில் எழுப்பி அடைக்கப்பட்ட ‘கெட்டோ’ என்னும் பகுதிக்குள் தள்ளப்பட்டனர். நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதற்குள் நெருக்குண்டனர். குரோக்மால்னா தெரு வீட்டை விட்டு இல்லமும் உள்ளே போகவேண்டியதாயிற்று. இடம்பெயர்ந்த நாளில் பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர் பறித்துக்கொண்டனர். அதைக் கேட்கச் சென்ற கோர்ச்சாக், யூதர் அணியவேண்டிய கைப்பட்டையை அணியாமல் சென்ற குற்றத்திற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். பழைய மாணவர்கள் பணம் திரட்டி மீட்டனர். அதன் பின் அவர் பணி பிச்சை எடுத்தல். அறுபது கடந்த முதியவர், நாள்தோறும் கோணிப்பையோடு வீடு வீடாகப் படியேறி, 200 பிள்ளைகளுக்கு உணவு கேட்டார்.

அத்துடன் அமையவில்லை. கெட்டோவின் டெல்னா தெருவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு புகலிடம் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள். குளிரிலும் அழுக்கிலும் நாள்தோறும் பலர் மாண்டனர். குழந்தைகளுக்கு வந்த உணவைப் பணியாளர் சிலரே திருடினர். 1942-இன் தொடக்கத்தில் கோர்ச்சாக் தாமே விண்ணப்பித்து அங்கும் பொறுப்பேற்றார். அங்கே நீதிமன்றமும் பந்தயமும் வைக்க இடமில்லை. ரொட்டி குழந்தையின் வாய்வரை செல்கிறதா என்று பார்ப்பதே வேலை. வீடற்ற பிள்ளைகளின் காப்பாளருக்கு உரிய பணிகளுள் அதுவே முதன்மையானது என்று எந்த விடுதி மாணவரும் சொல்வர்.

1942 ஜூலை 18-ஆம் நாள், இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது நம் இரவீந்திரநாத தாகூர் எழுதிய ‘அஞ்சல் நிலையம்’. நோயால் வீட்டுக்குள் அடைபட்ட அமல் என்னும் சிறுவன், சன்னல் வழியே உலகைப் பார்த்து, மன்னனின் கடிதத்திற்காகக் காத்திருந்து துயில்கொள்ளும் கதை. மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகள் வங்கத்துச் சிறுவனாக நடித்தனர். ஜூலை 22-ஆம் நாள் நாடு கடத்தல் தொடங்கியது. பிள்ளைகளையேனும் விட்டுவிடுமாறு வேண்டியும் பயனின்மையால், கெட்டோவின் யூதர் மன்றத் தலைவர் ஆதாம் செர்னியாக்கோவ் மறுநாள் நஞ்சுண்டு இறந்தார்.

கோர்ச்சாக்கைத் தப்புவிக்க நண்பர்கள் முயன்றனர். மதிலுக்கு வெளியே தங்க இடமும் அடையாளச் சீட்டும் ஏற்பாடு செய்தனர். அவர் போகவில்லை. ஆகஸ்ட் 5-ஆம் நாள் என்பர் பலர். 6 என்பாரும் உளர். அன்று காலை இல்லத்தைச் சூழ்ந்துகொண்டு அனைவரையும் வெளியே வரச்சொன்னார்கள். நால்வர் நால்வராக நின்று, ஏறத்தாழ 200 பிள்ளைகளும் கோர்ச்சாக்கும் ஸ்டெபானியா அம்மையாரும் மற்றப் பணியாளரும் சரக்கு இரயில் நிற்கும் முற்றத்திற்கு நடந்து சென்றனர். கொடி பிடித்துச் சென்றனர் என்றும், பாடிச் சென்றனர் என்றும், அமைதியாகச் சென்றனர் என்றும் பலவாறு கூறுவர். கண்டவர் சொற்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இரயில் திரெப்ளிங்காவிற்குச் சென்றது. அங்கிருந்து அவர்களுள் எவரும் திரும்பவில்லை.

கெட்டோவில் அவர் எழுதிய நாட்குறிப்பு ஒளித்துக் காக்கப்பட்டு, 1958-இல் அச்சேறியது. அதன் கடைசிப் பகுதி 1942 ஆகஸ்ட் 4-ஆம் நாள் இட்டது. காலையில் சன்னலருகே நின்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கீழே துப்பாக்கியோடு நிற்கும் செருமானியக் காவலன் அண்ணாந்து பார்க்கிறான். தம் வழுக்கைத் தலை அவனுக்கு நல்ல குறியாக இருக்குமே என்று எண்ணுகிறார். அவன் ஏன் சுடவில்லை என்று நினைத்துப் பார்க்கிறார். படையில் சேருமுன் அவன் என்ன வேலை பார்த்திருப்பான் என்ற எண்ணம் எழுகிறது. அப்போது அவர் மனத்தில் முதலில் தோன்றியது, ஒருவேளை ஏதேனும் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியனாக இருந்திருப்பானோ என்பது.